வெள்ளை வேட்டி மஞ்சளாகத் தெரிந்த அன்று

அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் தாறுமாறாகத் துடிக்கும் நோய். பல வருடமாக, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிகாக்சின் மாத்திரை 0.25 மி.கி., வாரத்தில் ஐந்து நாள். துடிப்பு மறுபடி தாறுமாறானதும் வேறொரு டாக்டர், துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரையைச் சேர்த்தார். பழைய சீட்டை நான் எடுத்துப் போகவில்லை.

இரண்டு வாரத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஓயாத குமட்டல். வெயில்தான் காரணம் என்று நினைத்துவிட்டேன். ஒருநாள் கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியைக் காட்டி, "இது ஏம்மா மஞ்சளா இருக்கு?" என்றார். பதறிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினேன். 44.

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு அப்போதே ஓடினோம். ஈசிஜி எடுத்து, ரத்தத்தில் டிகாக்சின், பொட்டாசியம் அளவு பார்த்தார்கள். டிகாக்சின் உடம்பை விட்டு வெளியேறுவதை அமியோடரோன் தடுக்கிறதாம். போடுவது அதே மாத்திரைதான், ரத்தத்தில் மட்டும் அளவு ஏறிக்கொண்டே போகும். குமட்டல், மஞ்சளாகத் தெரிவது, நாடி குறைவது எல்லாம் டிகாக்சின் அதிகமானதன் அறிகுறிகள். அதனால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது டிகாக்சினைப் பாதியாக்குவது வழக்கம். டாக்டர் சில நாள் நிறுத்திவிட்டு 0.125-ல் மறுபடி தொடங்கினார். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அமியோடரோனுக்காக இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் டெஸ்ட். மாத்திரை டப்பா மூடியில் எல்லா மருந்தின் பெயரும் அளவும் எழுதி ஒட்டியிருக்கிறேன். காலையில் நாடி எண்ணிக் காலண்டரில் குறிக்கிறேன். இன்று 68.