டெங்குக் காய்ச்சல்: வீட்டில் பார்ப்பது எப்படி, ஆஸ்பத்திரிக்குப் போவது எப்போது

கொழும்பில் தென்மேல் பருவமழை தொடங்கினால் ஜூன், ஜூலையில் டெங்கு கூடும். மார்கழி, தையில் இன்னொரு சுற்று வரும். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது. ஆகவே இந்த மாதங்களில் காய்ச்சல் அடித்து, அதற்கு வேறு தெளிவான காரணம் தெரியாவிட்டால், டெங்கு என்று நினைத்தே கவனிக்கத் தொடங்குங்கள்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். உடம்பு 103, 104 என்று கொதிக்கும்போது டெங்கின் பெரிய ஆபத்து வருவதில்லை. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் வருகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, சிலருக்கு இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இறங்கும். குழாய்க்குள் மிஞ்சிய இரத்தம் தடிக்கும், பிரஷர் விழும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். "காய்ச்சல் இறங்கிட்டுது, இனிப் பயமில்லை" என்று வீட்டில் படுக்க வைப்பது இந்த நேரத்தில்தான் நடக்கிறது. யாருக்குக் கசியும் என்று முதல் நாளே சொல்ல ஒருவராலும் முடியாது. அதனால் நாளைச் சரியாக எண்ண வேண்டும். காய்ச்சல் தொடங்கிய நாள்தான் முதலாம் நாள். திங்கட்கிழமை பின்னேரம் தொடங்கினால் புதன்கிழமை மூன்றாம் நாள். தொடங்கிய நேரத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளுசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் எட்டுக் குளுசையைத் தாண்டக் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர் டொக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. 16 கிலோப் பிள்ளைக்கு 240 மில்லிகிராம், அதாவது 5 மில்லி லீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 10 மில்லி லீற்றர். போத்தலில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று பார்த்தே ஊற்றுங்கள். மருந்து கொடுத்தும் காய்ச்சல் முழுதாக இறங்காமல் இருக்கலாம். அதற்காக இடையில் இன்னொரு டோஸ் கொடுக்க வேண்டாம், இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள். அஸ்பிரின், இபுபுறோஃபன், டைக்குளோஃபினாக், மெஃபனமிக் அசிட் எதுவும் வேண்டாம். பின்வழியாக வைக்கும் டைக்குளோஃபினாக்கும் அப்படித்தான். இவை வயிற்றில் இரத்தக் கசிவைக் கூட்டும். இதய வருத்தத்துக்கு ஏற்கெனவே அஸ்பிரின் எடுப்பவர் உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

குடிப்பது பெரியவருக்கு 24 மணித்தியாலத்தில் சுமார் 2,500 மில்லி லீற்றர். 50 கிலோவுக்குக் குறைந்த பெரியவர் என்றால் கிலோவுக்கு 50 மில்லி லீற்றர். பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்தால் உப்பு குறைந்துவிடும். ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல் தூள்), கஞ்சி, சூப், தெம்பிலி, பழச்சாறு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஜீவனியைப் பக்கற்றில் எழுதியுள்ள அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சிறுநீரக வருத்தக்காரருக்குத் தெம்பிலியில் உள்ள பொட்டாசியம் ஆகாது. பீற்றூட், கோப்பி, சொக்கலேற் போன்ற சிவப்பு, கறுப்பு நிறப் பானங்களைத் தவிருங்கள். சத்தியில் வந்தது இரத்தமா பானமா என்று பிறகு பிரிக்க முடியாது.

பப்பாசி இலைச் சாற்றை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். கசிவை அது நிறுத்தாது.

மூன்றாம் நாள் எஃப்.பி.சி., அதாவது இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை, கட்டாயம், பிறகு டொக்டர் சொல்லும்படி நாளாந்தம். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் முதல் நாளே. இரத்தத்தில் டெங்குக் கிருமியின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் சில நாட்களில்தான் உதவும், அது இல்லை என்று வந்தாலும் டெங்கு இருக்கலாம். எஃப்.பி.சி.யில் மூன்று எண்களைப் பாருங்கள். வெள்ளை அணு 5,000க்குக் கீழே போனால் ஆபத்தான கட்டம் நெருங்கலாம். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 100,000க்குக் கீழே போனால் வார்ட்டில் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 98 என்று மட்டும் போட்டிருந்தால் அது 98,000. மூன்றாவது பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் எவ்வளவு பங்கு என்ற எண். இது 40இலிருந்து 48க்கு ஏறினால் 20 சதவீத உயர்வு, நீர் கசிகிறது என்று பொருள். எல்லாரும் பிளேட்லெட்டையே விசாரிக்கிறார்கள், ஆனால் கசிவைக் காட்டுவது பி.சி.வி.தான். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட முடியாது. பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையில் கொண்டு போங்கள்.

கடும் வயிற்று வலி, நிற்காத சத்தி, குடிக்க முடியாமை, கைகால் குளிர்ந்து வியர்த்தல், சோர்ந்து கிடத்தல் அல்லது அமைதியில்லாமல் புரளுதல், முரசு அல்லது மூக்கிலிருந்து இரத்தம், கறுத்த மலம், மாதவிடாய் அளவுக்கு மீறிப் போதல், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் காய்ச்சல் எத்தனை என்று பார்க்காமல் புறப்படுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயோதிபர், உடல் பருமன் கூடியவர், நீரிழிவு, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே கூடாது. பிள்ளை என்றால் பொரளை லேடி ரிட்ஜ்வே, பெரியவர் என்றால் தேசிய வைத்தியசாலை, களுபோவில ஆஸ்பத்திரி அல்லது அங்கொடை ஐ.டி.எச். (தொற்றுநோய் ஆஸ்பத்திரி). வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ், இலவசம். வழியில் டிஸ்பென்சரியில் நிறுத்தி ஒரு சேலைன் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். கசிவு நேரத்தில் அளவு தெரியாமல் ஏற்றிய சேலைன் பிறகு நெஞ்சில் தேங்கி மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

வீட்டில் மற்றவர்களையும் காப்பாற்ற வேண்டும். காய்ச்சல்காரரைக் கடித்த நுளம்பு அடுத்தவருக்குக் கொடுக்கும், அது பகலில் கடிக்கும். எனவே பகலிலும் வலைக்குள் படுக்கட்டும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடிவீடுகளில் பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, பூச்சாடித் தட்டு, ஏ.சி. தண்ணீர் வாளி, அடைபட்ட பீலி எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். முட்டை நுளம்பாக ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தும்பு பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள்.