டிஜிட்டல் லெவல் பக்கத்துக்கொரு அளவு காட்டியபோது

ரசமட்டத்தில் குமிழி கோட்டைத் தாண்டி எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கண்ணளவாகத்தான் சொல்ல முடியும், அதனால்தான் பைப் சரிவு பார்க்க, சரிவைத் திரையில் எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் லெவலுக்கு மாறினேன்; மீட்டருக்கு 10 மி.மீ. என்றால் திரையில் 1%, டிகிரியில் 0.57, அவ்வளவுதான். ஆனால் அதே பைப்பில் ஒரு பக்கம் வைத்தால் 0.4 டிகிரி, முனை மாற்றி வைத்தால் 0.7. நடுவில் இருக்கும் 0.55தான் உண்மையான சரிவு, மீதி கருவியின் கோணல்.

முதலில் லெவலின் காந்த விளிம்பைத் துடைத்தேன், இரும்புத்தூள் அப்பிக் கிடந்தது (காந்தம் என்றால் இந்தத் தொல்லை உண்டு). அப்புறம் சமமான, ஆடாத மேசையில் வைத்து, பென்சிலால் இடம் குறித்து, காலிபரேஷன் (அளவைச் சரிசெய்யும்) பட்டனை அழுத்தி, 180 டிகிரி திருப்பி அதே கோட்டில் வைத்து மறுபடி அழுத்தினேன். இப்போது இரு பக்கமும் ஒரே அளவு. வெயிலில் கிடந்த லெவலை எடுத்தவுடன் இதைச் செய்யாதீர்கள், சூடு தணியட்டும். தூக்குமட்டம் (நேர் செங்குத்தா என்று) பார்க்க மட்டும் பழைய ரசமட்டமே எனக்கு வேகம்.