தை, மாசி இரவுகளில் வானம் பார்க்கத் தொடங்குவது எப்படி?

வானம் பார்க்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது தொலைநோக்கி விலையைத்தான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் குளிர்காலத்துக்கு இருட்டுக்குப் பழகிய கண்ணும் ஒரு பைனாகுலரும் போதும்.

1. நாள் குறியுங்கள்

மார்கழியில் வடகிழக்குப் பருவமழை மேகம் மிச்சமிருக்கும். பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி முடியும்வரை தமிழ்நாட்டு வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கி, அது கழிந்த இரண்டாம் நாள் வரை முன்னிரவில் நிலா தொந்தரவு இருக்காது.

2. இடம்

தெற்கே மறைப்பும் ஊர் வெளிச்சமும் இல்லாத திறந்தவெளி வேண்டும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்ததற்கு இருட்டு மட்டும் காரணமல்ல. சுமார் 12.5 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் அங்கிருந்து தென்வானமும் நிறையத் தெரியும். அதே வசதி நம் மொட்டை மாடிக்கும் உண்டு. காப்புக்காட்டுக்குள் இரவில் நுழையாதீர்கள். தெரிந்தவர் வயலோ, தங்கும் விடுதியின் மாடியோ போதும். வயல் என்றால் கணுக்காலை மூடும் காலணி போட்டு, டார்ச் அடித்தபடி நடங்கள், பாம்பு இருக்கலாம்.

3. எடுத்துப்போக வேண்டியவை

7×50 அல்லது 10×50 பைனாகுலர். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், நட்சத்திரம் புள்ளியாக நிற்காது. இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க, டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை மூன்று மடிப்பாகச் சுற்றி ரப்பர் வளையம் போடுங்கள். குல்லா, கம்பளி, ஃபிளாஸ்கில் தேநீர். 'தைப்பனி தரையைத் துளைக்கும்' என்பது உண்மையான எச்சரிக்கை: மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து பனி இறங்கும். பாயைவிடக் கயிற்றுக் கட்டில் நல்லது. மல்லாந்து படுத்து முழங்கைகளை மார்பில் ஊன்றினால் பைனாகுலரும் ஆடாது.

4. கண்ணைப் பழக்குங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிவிடுவது இதைத்தான். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு முறை கைபேசித் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். "ஒன்றுமே தெரியவில்லை" என்று திரும்புபவர்களில் பலருக்குத் தடையாக இருப்பது கையிலிருக்கும் அந்தத் திரைதான்.

5. பைனாகுலரைச் சரிசெய்யுங்கள்

வலப்பக்க லென்ஸைக் கையால் மூடி, ஒரு நட்சத்திரம் இடக்கண்ணுக்குப் புள்ளியாகும்வரை நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக்கண் அருகிலுள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரு கண் மங்கலாகவே பார்த்துத் தலை வலிக்கும்.

6. இனி மேலே பாருங்கள்

பிப்ரவரி நடுவில் இரவு 9 மணி சரியான நேரம். நட்சத்திரங்கள் நாளுக்கு 4 நிமிடம் முந்தி உதிப்பதால், மாதத் தொடக்கத்தில் இதே வானத்தை 10 மணிக்குப் பார்க்கலாம்.

உச்சிக்கு அருகே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும், ஓரயன் என்னும் நட்சத்திரக் கூட்டத்தின் நடுப்பகுதி அது. அவற்றுக்கு வடக்கே சிவந்திருப்பது திருவாதிரை, தெற்கே நீலவெண்மையாக மின்னுவது ரீகல். மூன்றையும் இணைக்கும் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். வடமேற்கே நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகை. கார்த்திகையில் வெறுங்கண்ணுக்கு ஆறு நட்சத்திரம் தெரியும். பைனாகுலரில் பல பத்துகள்.

அந்த மூன்றுக்குத் தெற்கே சிறு வரிசையாகத் தொங்குபவற்றின் நடுவில் ஓரயன் நெபுலா இருக்கிறது. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் நட்சத்திரங்கள் பிறக்கும் வாயுமேகம். படங்களில் காணும் இளஞ்சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். மங்கிய வெளிச்சத்தில் கண்ணால் நிறம் பிரிக்க முடியாது, சாம்பல் நிறப் புகையாகவே தெரியும். நேராக முறைக்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள், புகை விரிந்து தெரியும். கண்ணின் ஓரப்பகுதிதான் இருட்டில் மங்கிய ஒளியை நன்றாக உணரும்.

கடைசியாகத் தெற்கே திரும்பி, கையை நீட்டி முஷ்டி பிடியுங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. வேலூர், சென்னையில் தொடுவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் அகத்தியர் என்னும் பிரகாசமான நட்சத்திரம் (கனோபஸ்) நிற்கும். கன்னியாகுமரியில் மூன்று முஷ்டி. டெல்லியில் ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை.

7. மூட்டை கட்டும்போது

லென்ஸில் பனி படிந்திருந்தால் துணியால் துடைக்க வேண்டாம், பூச்சு கீறும். வீட்டுக்குள் மூடியைத் திறந்து வைத்து, முழுதாக உலர்ந்தபின் உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.