ஓட்ட வழிகாட்டியில் எண்களைக் காப்பது

அசெட்டோ கோர்சா கொம்பெற்றிசியோனே என்ற கார் ஓட்டப் பந்தயக் கணினி விளையாட்டுக்குத் தமிழில் ஒரு வழிகாட்டியை நாங்கள் 11 பேர் சேர்ந்து எழுதுகிறோம். ஐந்து பேர் யாழ்ப்பாணத்தில், மற்றவர்கள் ரொறன்ரோ, பாரிஸ், சென்னை. கொக்குவிலில் இருந்து அதை ஒழுங்காக வைத்திருப்பது என் பொறுப்பு. இப்படி ஒன்றைப் பராமரிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: எந்த எண்ணையும் தனியாக நிற்க விடாதீர்கள்.

2023இல் விளையாட்டின் 1.9 பதிப்பு வந்தபோது ரயர் நடந்துகொள்ளும் விதமே மாறியது. அதுவரை ஜிரி3 என்ற பந்தயக் கார் வகையின் உலர் ரயருக்கு (மழையில்லாதபோது போடுவது) காற்றமுக்கம் 27.5 பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால் நல்ல பிடிப்பு இருந்தது. பிறகு அது 26க்கும் 27க்கும் இடையில் இறங்கிவிட்டது. எங்கள் வழிகாட்டியில் பழைய எண் மூன்று இடங்களில் இருந்தது. நான் இரண்டைத்தான் திருத்தினேன். மூன்றாவது, இத்தாலியின் மொன்சா ஓடுதளத்துக்கான பக்கத்தில் கிடந்தது. சுன்னாகத்துத் தம்பி ஒருவன் அதை நம்பி ஒரு மாதம் ஓடியிருக்கிறான். "அண்ணை, லெஸ்மோவில எப்பவும் வழுக்கிக்கொண்டு போகுது, என்ர கைப்பிழைதான் போல" என்றான். லெஸ்மோ என்பது மொன்சாவில் உள்ள வளைவுகள். பிழை எங்கள் வரியில் இருந்தது. அவன் தன்னையே குறை நினைத்தது எனக்கு இன்னும் வருத்தம்.

அதன்பிறகு அமுக்க எண்கள் எல்லாம் ஒரே அட்டவணையில் மட்டும். ஓடுதளப் பக்கங்கள் 'அட்டவணையைப் பார்க்கவும்' என்று சொல்வதோடு சரி. ஒவ்வொரு வரிசையிலும் பதிப்பு, கார், காற்றின் வெப்பநிலை, எரிபொருள், சோதித்தவர் பெயர் ஐந்தும் இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் நான் சேர்ப்பதில்லை. இன்னொன்று, அது சூடான ரயரின் அமுக்கம் என்பதையும் எழுத வேண்டும். ஓட்டத்துக்கு முன் அமைப்புத் திரையில் வைப்பது குளிர்ந்த ரயரின் அமுக்கம். புதியவர்கள் அங்கேயே 26.5 வைத்துவிடுவார்கள், ஓட ஓட அது ஏறிவிடும். வெப்பநிலை ஒரு பாகை மாறினால் அமுக்கமும் கிட்டத்தட்ட 0.1 மாறும் என்பதால் வெப்பநிலை இல்லாத எண்ணால் பயனில்லை.

சோதனை எல்லோருக்கும் ஒரே மாதிரி: மழையில்லை, காற்று 26 பாகை, எரிபொருள் 30 லீற்றர். மூன்று சுற்று ஓடி ரயரைச் சூடாக்க வேண்டும். நாலாம், ஐந்தாம் சுற்றுகளில் நான்கு ரயரின் அமுக்கத்தையும் குறிக்க வேண்டும். ஒருவரின் எண் போதாது, இரண்டாமவரும் ஓடிப் பார்க்கவேண்டும். புதிய பதிப்பு வந்த அன்றைக்கே எதையும் மாற்றாதீர்கள். முதலில் எல்லா வரிசைக்கும் 'இந்தப் பதிப்பில் சோதிக்கவில்லை' என்று போடுங்கள். பழைய எண்ணை அழிக்கவும் வேண்டாம், பதிப்போடு கீழே இறக்குங்கள். பழைய காணொளியைப் பார்த்துவிட்டு வந்து கேட்பவருக்கு அதைக் காட்டலாம்.

அடுத்தது சொற்கள். நாங்கள் ரயர், பிறேக், அமுக்கம் என்று எழுதுவோம். சென்னை நண்பர்கள் டயர், பிரேக், அழுத்தம் என்பார்கள். ஒருவர் தேடினால் மற்றவர் எழுதிய பக்கம் அகப்படாது. யார் எழுத்தையும் மாற்றச் சொல்லாதீர்கள், அதில்தான் ஆட்கள் மனம் நொந்து விலகுவார்கள். ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியிலும் இரண்டு வடிவத்தையும் போட்டுவிட்டால் போதும். அண்டர்ஸ்டியர் போன்ற சொல்லை அப்படியே வைத்து, ஸ்ரியறிங்கைத் திருப்பியும் மூக்குத் திரும்பாமல் கார் வெளிப்பக்கம் இழுபடுவது என்று ஒருமுறை விளக்குங்கள்.

பிறர் எழுதியதைத் திருத்துமுன் அவருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். "கொஞ்சம் முன்னுக்கே பிறேக் பிடியுங்கோ" என்று எழுதியிருந்தால், எந்தத் தூரப் பலகைக்குப் பக்கத்தில் என்று கேட்டு எழுதுங்கள்.

பிரதி ஒன்றைக் கணினியில் வைத்திருங்கள். 2022 மின்வெட்டில் சேமிக்காத இரண்டு பக்கங்களை இழந்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு முழு வழிகாட்டியிலும் 'பி.எஸ்.ஐ.' என்று தேடுவேன். அட்டவணைக்கு வெளியே எண் இருந்தால் எடுத்துவிட்டு, எழுதியவருக்குச் சொல்வேன். போன மாதம் இரண்டு அகப்பட்டன, இரண்டும் ஸ்பா ஓடுதளத்துக்கான பக்கத்தில்.