சொட்டு மருந்தைக் கையில் எடுக்கும் முன்: கண் மருத்துவ உதவியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் பயம் கருவிகள் மேல்தான். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப்பைச் சரியாகத் திருப்பத் தெரியுமா, கண்ணின் நீளத்தை அளக்கும் பயோமெட்ரி வருமா என்று. கருவியெல்லாம் சில வாரத்தில் கைக்குப் பழகிவிடும். வரிசைதான் பழகாது. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்துவிட்டால் அந்தக் கண்ணிலிருந்து அன்றைக்கு அந்தத் தகவல் கிடைக்கவே கிடைக்காது. சொட்டு விட்டாச்சு என்றால் விட்டாச்சுதான்.

அதனால் பார்வை அளவு முதலில். டார்ச் அடிப்பதற்கு முன், கண் அழுத்தம் பார்ப்பதற்கு முன், எந்தச் சொட்டும் விடுவதற்கு முன். இதற்கு ஒரே ஒரு பெரிய விலக்கு உண்டு: சுண்ணாம்போ அமிலமோ வேறு ரசாயனமோ கண்ணில் பட்டு ஒருவர் ஓடி வந்தால் பார்வை பார்க்கும் எழுத்துச் சார்ட் பக்கமே போகாதீர்கள், பெயர் பதிவும் அப்புறம். இமையைத் திறந்து பிடித்து, உடனே கழுவ ஆரம்பித்து, குறைந்தது அரை மணி நேரம் கழுவ வேண்டும். நிறுத்தலாமா என்பதை அமிலம், காரத் தன்மையைக் காட்டும் பி.எச். காகிதம் சொல்லட்டும், நோயாளியின் "இப்ப பரவாயில்ல" சொல்லக் கூடாது.

சார்ட் படிக்க வைப்பது சுலபம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் தவறு செய்கிறார்கள். விரலால் கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கு வழியாகப் பார்ப்பார்கள், வேண்டுமென்றே அல்ல, தெரியாமலே. உள்ளங்கையால் அழுத்தி மூடினால் அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது மங்கலாகத்தான் தெரியும். ஆகவே கண் சரியாக மூடியிருக்கிறதா என்று நோயாளியைப் பாருங்கள், சார்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கண்ணைச் சுருக்கிப் படித்தால் அது பின்ஹோல் (சின்னத் துளை போட்ட தட்டு) வைத்துப் படித்த மாதிரிதான், அந்த எண்ணை நம்ப முடியாது. வலது கண்ணில் படித்த வரியை இடது கண்ணுக்கு மனப்பாடமாக ஒப்பிப்பவர்களும் உண்டு, வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 6 மீட்டர் தூரத்தைப் பார்ப்பவரும் வருவார், எந்தக் கண்ணாடி என்று கேட்காமல் எழுதினால் நல்ல கண்ணுக்கும் 6/36 என்று மோசமான எண் வந்து நிற்கும்.

பார்வை குறைவாக இருந்தால் பின்ஹோல் வைத்துப் பார்க்காமல் விடாதீர்கள். அதில் பார்வை கூடினால் பெரும்பாலும் கண்ணாடிப் பவர் விவகாரம், கூடாவிட்டால் மருத்துவர் வேறு பக்கம் தேடுவார். விரல் எண்ண வைத்தால் எத்தனை மீட்டரில் என்று எழுதுங்கள். தூரம் போடாத "விரல் எண்ணுகிறார்" என்ற குறிப்பு அடுத்த முறை வரும்போது யாருக்கும் உதவாது.

இப்போது என் சொந்தத் தவறு. ஆரம்பத்தில் ஒருநாள் கூட்டம் அதிகம், வேலையை முடித்துத் தரும் ஆர்வத்தில் ஒருவருக்கு இரண்டு கண்ணிலும் கண் பாப்பாவை விரிக்கும் டைலேட் சொட்டு விட்டு உட்கார வைத்துவிட்டேன். மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "ஆர்.ஏ.பி.டி. இருந்ததா?" அதாவது ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டால் பாப்பா மற்றதைவிடக் குறைவாகச் சுருங்குகிறதா என்று. டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது, பார்வை நரம்பைப் பற்றி அவ்வளவு சொல்லக்கூடிய சோதனை, ஆனால் பாப்பா விரிந்து அசையாமல் நின்ற பிறகு எதைப் பார்ப்பது? அவர் இன்னொரு நாள் வர வேண்டியதாயிற்று. அப்போதிலிருந்து பாப்பாவைப் பார்த்து எழுதாமல் சொட்டுக் குப்பியைத் தொடுவதில்லை.

டைலேட் செய்யும் முன் இன்னொன்று. டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து கிடையாக அடியுங்கள். மூக்குப் பக்கத்து ஐரிஸில் (பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம்) நிழல் விழுந்தால் கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடையிலான முன்னறையின் ஆழம் குறைவு என்று சந்தேகிக்கலாம். அந்தக் கண்ணில் சொட்டு விட்டால் கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் அடைபட்டு அழுத்தம் எகிறக்கூடும், மருத்துவரைக் கேட்காமல் விடாதீர்கள். விரிக்கும் மருந்துக்குப் பெரும்பாலும் சிவப்பு மூடி இருக்கும், ஆனால் மூடியின் நிறத்தை நம்பி விடுவது சோம்பேறித்தனம், லேபிளைப் படியுங்கள். ஒரு சொட்டு போதும், கண்ணில் அதற்கு மேல் இடமில்லை, மிச்சம் கன்னத்தில்தான் வழியும். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி. குப்பியின் நுனி இமை முடியில் படக் கூடாது. பாப்பா விரிந்தால் பார்வை மங்கும், அதனால் வண்டி ஓட்டி வந்தாரா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கண் அழுத்தம் அளக்கும் கோல்ட்மன் டோனோமீட்டரில் எண் அதிகமாக வந்தால் நோயைச் சந்தேகிக்கும் முன் உங்கள் கட்டைவிரலைச் சந்தேகியுங்கள். இமையைத் தூக்கும் சாக்கில் கண்ணையே அழுத்திக்கொண்டிருப்போம். இமையை எலும்பின் மேல் பிடிக்க வேண்டும். நோயாளி மூச்சை அடக்கியிருந்தாலும் எண் ஏறும். ஃப்ளோரசீன் சாயம் அதிகமாகி, கருவியில் தெரியும் அரைவட்டங்கள் தடிமனானாலும் ஏறும், குறைவாகி மெலிந்தால் இறங்கும். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றச் சொல்லாமல் ஃப்ளோரசீன் விட்டால் லென்ஸ் மஞ்சளாகிவிடும், அப்புறம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கருவியில் கண்ணைத் தொடும் ப்ரிஸத்தை ஆல்கஹாலில் துடைத்த ஈரம் காயும் முன் கண்ணில் வைத்தால் கருவிழியின் மேல்தோல் உரியும்.

கண்புரை அறுவைக்கு அளவெடுக்க வந்தவரென்றால் கருவிழி வளைவை அளக்கும் கெரட்டோமெட்ரியும் பயோமெட்ரியும் அழுத்தச் சோதனைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தொட்ட கருவிழி நிஜ வளைவைக் காட்டாது. கண்ணைத் தொட்டு ஒலியலையால் நீளம் எடுக்கும் ஏ-ஸ்கேனில் கை கொஞ்சம் அழுத்தினாலே கண்ணின் நீளம் குறைவாக வரும், நீளத்தில் 1 மி.மீ. பிசகு என்றால் வைக்கும் லென்ஸின் பவரில் ஏறக்குறைய 2.5 டயாப்டர் பிசகு, அதை வாழ்நாள் முழுக்கச் சுமப்பவர் நோயாளி.

அடிபட்ட கண்ணில் கிழிசல் இருக்கலாம் என்று தோன்றினால் பார்வை அளவுக்குப் பிறகு வரும் வரிசையெல்லாம் ரத்து. அழுத்தம் பார்க்காதீர்கள், பஞ்சு வைத்துக் கட்டாதீர்கள், கடினமான ஷீல்டு மட்டும் மேலே வைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதேபோல "மின்னல் மாதிரி தெரிகிறது, திரை விழுந்த மாதிரி இருக்கிறது" என்பவரையும், திடீரென்று வலியே இல்லாமல் பார்வை போனவரையும் டோக்கன் வரிசையில் உட்கார வைக்காதீர்கள். வலி இல்லை என்பதால் அவர் சத்தம் போட மாட்டார், அமைதியாக உட்கார்ந்திருப்பார்.

கடைசியாக, வலது இடது. நோயாளி எதிரே உட்கார்ந்தால் அவருடைய வலது உங்கள் இடது பக்கம். எப்போதும் வலது கண்ணிலேயே தொடங்கி, சோதித்த கையோடு எழுதிவிடுங்கள். இரண்டு கண்ணையும் முடித்துவிட்டு மொத்தமாக எழுதலாம் என்று தள்ளிப்போடும்போதுதான் எண்கள் இடம் மாறுகின்றன.