மேசைமேல் பாய்க்கப்பல் சண்டை: புதியவர்களை வைத்து ஆடும் முறை

பாய்க்கப்பல் சண்டையைப் புதியவர்களுக்குக் காட்டும்போது பீரங்கியில் தொடங்க வேண்டாம், காற்றில் தொடங்குங்கள். கப்பல் எந்தத் திசையில் போகும், எந்தத் திசையில் போகவே போகாது என்பது பிடிபட்டால் மிச்ச விதிகளை ஆடிக்கொண்டே சொல்லிக்கொடுக்கலாம். வாடை, கச்சான், சோளகம் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பேசும் மட்டக்களப்பில் இது இன்னும் இலகு. மேசையில் வைக்கும் அம்புக்குறியில் அந்தப் பெயரையே எழுதிவிடுங்கள்.

முதல் ஆட்டத்துக்கு நாலு பேர், ஆளுக்கொரு கப்பல், ஆடாமல் நின்று பார்க்கும் ஒரு நடுவர். இது போதும். ஒருவர் கையில் மூன்று கப்பல் கொடுத்தால் ஒன்றைத் திருப்பும்போது மற்றது தரைதட்டும்; மற்றவர்கள் காத்திருந்தே களைத்துவிடுவார்கள்.

சண்டையைத் தூரத்தில் தேடத் தேவையில்லை. 1782 ஏப்ரல் 12 அன்று, திருகோணமலைக்குத் தெற்கே புரொவிடியன் பாறைக்கு அருகில், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் 12 கப்பல்களும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் 11 கப்பல்களும் மோதின. பிரெஞ்சுக்காரர் காற்று வரும் பக்கம். ஆங்கிலேயருக்கு முதுகுப்பக்கம் கரை. ஆங்கிலேயரின் மொன்மத் கப்பல் இரண்டு பாய்மரங்களை இழந்தது. சண்டை முடிந்தபின் சுஃப்ரேன் பழுதுபார்க்க வந்து நங்கூரம் போட்டது மட்டக்களப்பில்தான். இதிலிருந்து நாலு கப்பலை மட்டும் எடுங்கள்: ஆங்கிலேயருக்குச் சுப்பேர்ப் (74 பீரங்கி), மொன்மத் (64), பிரெஞ்சுக்காரருக்கு எரோ (74), ஸ்ஃபிங்ஸ் (64).

கப்பல்களை வீட்டிலேயே செய்யலாம். 74 பீரங்கிக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 52 மீற்றர்; 1200இல் ஒரு பங்காகக் குறைத்தால் 4.3 செ.மீ. ஐஸ்கிரீம் குச்சியை அந்த நீளத்துக்கு வெட்டி, மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அணியத்தை (கப்பலின் முன்முனை) தேய்த்துக் கூராக்குங்கள். பாய்மரத்துக்குத் தென்னை ஈர்க்கு: நடுவில் 4 செ.மீ., முன்னால் மூன்றரை, பின்னால் மூன்று. நன்றாகக் காய்ந்த ஈர்க்காக இருக்க வேண்டும். பச்சை ஈர்க்கு காயும்போது சுருங்கி, துளையில் ஆடத் தொடங்கும். பாயைப் பிரிஸ்டல் போட்டில் வெட்டி, பேனாமேல் உருட்டி வளைத்து ஒட்டலாம். உடலுக்கு றெஜிபோம் (பொதிகளில் வரும் வெள்ளை நுரைப்பலகை) எடுத்தால் சுப்பர் குளூ தொடவே கூடாது, கரைத்துவிடும். பைண்டர் கம் போடுங்கள், மாரி காலத்தில் ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். 7க்கு 3 செ.மீ. அட்டையில் கப்பலை நிறுத்தி, அடியில் ஒரு பழைய நாணயத்தை ஒட்டிவிட்டால் மின்விசிறிக் காற்றுக்குச் சாயாது.

இனி முக்கியமான கருவி, காற்று வட்டம். ஒரு தட்டை வைத்துக் காகிதத்தில் வட்டம் வெட்டி, நாலு தடவை பாதிபாதியாக மடித்து விரியுங்கள். 16 கூறு வரும், ஒவ்வொன்றும் 22.5 பாகை. ஒரு மடிப்புக்கோட்டைக் காற்று வரும் திசைக்கு நேராக வைத்து, அதன் இரண்டு பக்கமும் மும்மூன்று கூறுக்குச் சிவப்பு அடியுங்கள். சிவப்பின் ஓரக்கோடு 67.5 பாகையில் விழும். சதுரப்பாய்க் கப்பல் காற்றை நோக்கி அதற்குமேல் நெருங்காது. கப்பல் எப்போதும் ஏதாவதொரு கோட்டின் திசையில்தான் நிற்க வேண்டும். ஓரக்கோட்டில் ஓடினால் ஒரு சுற்றுக்கு 6 செ.மீ.; அடுத்த நாலு கோட்டிலும் 12; காற்று நேர் பின்னாலிருந்தால் 10. பின்காற்றில் ஏன் குறைகிறது என்று கட்டாயம் கேட்பார்கள். பின்பாய்கள் முன்பாய்களுக்குப் போகும் காற்றை மறைக்கின்றன என்று கப்பலைக் கையில் தூக்கிக் காட்டுங்கள்.

3 செ.மீ. ஓடியபின் ஒரு கூறு திரும்பலாம், ஒரு சுற்றில் இரண்டு கூறு வரைதான். காற்றுக்கு ஊடாக அணியத்தைத் திருப்பி மறுபக்கம் போக விரும்பினால், ஓரக்கோட்டில் ஒரு சுற்று முழுதாக ஓடி, முடிவில் ஆறு முகமுள்ள தாயக்கட்டை போட வேண்டும். 3 அல்லது கூட விழுந்தால் மறுபக்க ஓரக்கோட்டில் வையுங்கள். 1, 2 விழுந்தால் அணியம் காற்றுக்கு நேராக நின்றுவிடும். அடுத்த சுற்றில் 3 செ.மீ. பின்னுக்குப் போய், விரும்பிய பக்கம் திரும்பலாம். காற்றுக்கு முதுகுகாட்டிச் சுற்றி வருவதற்குக் கட்டை தேவையில்லை, ஆனால் கரைப்பக்கம் நிறைய இடம் போய்விடும்.

கரைக்கு மிக அருகிலிருக்கும் கப்பல் முதலில் நகரும், காற்றுப் பக்கம் கடைசியாக நிற்பது கடைசியில் நகரும். மேல்காற்றில், அதாவது காற்று வரும் பக்கத்தில், நிற்பவரின் வசதி இந்த ஒரு விதியிலேயே வந்துவிடும்.

எல்லாரும் நகர்ந்தபின் சுடுவது. விலாவுக்கு நேர்கோட்டிலிருந்து முன்னும் பின்னும் ஒரு கூறுக்குள் எதிரி இருக்க வேண்டும். 74 பீரங்கிக் கப்பலுக்கு 6 தாயக்கட்டை, 64க்கு 5. 5 செ.மீ.க்குள் 4 முதல் படும். 10க்குள் 5 முதல். 20க்குள் 6 மட்டும். உடலுக்கா பாய்க்கா என்று சுடுமுன் சொல்ல வேண்டும். பட்ட ஒவ்வொரு கட்டைக்கும் கப்பலின் தாளில் ஒரு கட்டத்தை அடியுங்கள்: உடலுக்கு 74க்கு 12 கட்டம், 64க்கு 10. பாய்க்கு எல்லாருக்கும் 6. பாயில் இரண்டு கட்டம் போனால் வேகம் 2 செ.மீ. குறையும், ஆறும் போனால் கப்பல் நின்ற இடத்தில் நிற்கும். உடலில் பாதி போனால் கட்டை பாதி, முழுதும் போனால் கொடி இறக்கம். மூழ்கடிக்க வேண்டாம்: மரக்கப்பல்கள் பீரங்கிக் குண்டில் மூழ்கியது குறைவு, சரணடைந்ததே அதிகம். எதிரிக் கப்பலின் பின்புறத்துக்கு நேரே நின்று சுட்டால் பட்டது இரட்டிப்பாகும். குண்டு தளத்தின் முழு நீளத்துக்கும் ஓடும், தடுக்க நல்ல சுவர் அங்கே கிடையாது.

சுட்ட கப்பலின் விலாவில் ஒரு சிட்டிகைப் பஞ்சைக் குண்டூசியால் குத்துங்கள். அடுத்த சுற்று முழுக்க அந்தப் பக்கம் சுட முடியாது. அது முடிந்ததும் பஞ்சை எடுங்கள். முதல் வெடி அமைதியாக நேரமெடுத்து நிரப்பியது என்பதால் அதற்கு மட்டும் ஒரு கட்டை கூட. புதியவர்கள் 20 செ.மீ.யிலேயே அதைச் சுட்டுத் தீர்ப்பார்கள். ஒரு முறை நினைவூட்டுங்கள், பிறகு அவர்கள் இஷ்டம்.

ஆறடிக்கு நாலடி மேசையில் நீல லைனிங் துணி விரித்து, ஒரு நீள ஓரத்தில் 10 செ.மீ. அகலத்துக்கு மணல்திட்டு. அதில் புகுந்த கப்பல் அங்கேயே மாட்டும். காற்று எதிர் ஓரத்திலிருந்து நேராகக் கரைக்கு. ஆங்கிலேயர் கரையோரத்திலிருந்து 35 செ.மீ.யில், இரண்டு கப்பலுக்கிடையே 10 செ.மீ. விட்டு, கரைக்கு இணையாக; பிரெஞ்சுக்காரர் இன்னும் 40 செ.மீ. வெளியே, அதே திசையில். 12 சுற்றுக்குள் ஒரு கப்பலையாவது சரணடைய வைத்தால் பிரெஞ்சுக்கு வெற்றி, இல்லாவிட்டால் ஆங்கிலேயருக்கு.

தகராறு வருவது பெரும்பாலும் அளவில். ஒருவர் அட்டையின் முன்விளிம்பிலிருந்து அளப்பார், மற்றவர் பின்விளிம்பிலிருந்து, 7 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். நகர்வதற்கு எப்போதும் முன்விளிம்பு, சுடுவதற்கு நடுப்பாய்மரம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அடிமட்டத்தைத் துணியில் படுக்கவைத்துவிட்டுக் கப்பலை நகர்த்துங்கள், கப்பலோடு சேர்த்துத் தள்ளினால் துணியும் இழுபடும். முதல் இரண்டு சுற்றிலும் எல்லாருக்கும் நடுவரே வட்டத்தை வைத்துக் காட்டட்டும். மூன்றாவது சுற்றில் அதை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.