பயோடேட்டாவின் கடைசி வரியில் இருக்கும் 'ஃபர்னிஷ்'

கிண்டியிலோ ஓ.எம்.ஆரிலோ வேலை தேடும் பிள்ளைகளின் பயோடேட்டாவைப் புரட்டினால் கடைசியில் இந்த வரி இருக்கும்: 'ஐ ஹியர்பை டிக்ளேர் தட் தி டீடெய்ல்ஸ் ஃபர்னிஷ்டு அபவ் ஆர் ட்ரூ'. நண்பனுடைய பயோடேட்டாவிலிருந்து காப்பி அடித்ததுதான், பொருள் கேட்டால் முழிப்பார்கள். மேலே கொடுத்துள்ள விவரங்கள் உண்மை என்பதுதான் அது.

படி 1: 'ஃபர்னிஷ்' என்ற இந்த வினை எதைக் குறித்து வருகிறது என்று பாருங்கள். விவரம், ஆவணம், ஜாமீன் என்றால் 'கொடுப்பது', 'தாக்கல் செய்வது'. வீடு, அறை என்றால் கட்டில், மேஜை போட்டு வசதி செய்வது. ஃபர்னிச்சர் என்ற சொல்லும் இதற்குச் சொந்தம்தான். வேளச்சேரியில் 'செமி ஃபர்னிஷ்டு' என்று ஒரு வீட்டுக்கு விளம்பரம் வந்தால் ஃபேன், லைட், கப்போர்டு வரை எதிர்பார்க்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஓனருக்கு ஓனர் அர்த்தம் மாறும்; அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

படி 2: வாக்கியத்தை அமைப்பது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பொருளை முதலில் சொன்னால் ஆளுக்கு முன் 'டு' வரும்: 'ஃபர்னிஷ் தி டீடெய்ல்ஸ் டு தி பேங்க்'. ஆளை முதலில் சொன்னால் பொருளுக்கு முன் 'வித்' வரும்: 'ஃபர்னிஷ் தி பேங்க் வித் தி டீடெய்ல்ஸ்'. 'கிவ் மி தி டீடெய்ல்ஸ்' சரி என்பதால் 'ஃபர்னிஷ் மி தி டீடெய்ல்ஸ்' என்றும் எழுதுகிறார்கள். நம் ஆபீஸ்களில் அது சகஜம், இலக்கணப்படி நடுவில் ஒரு 'வித்' வேண்டும்.

படி 3: 'சப்மிட்' உடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். சப்மிட் பெரும்பாலும் கீழிருந்து மேலே போவது. நாம் மனு கொடுப்பது போல. ஃபர்னிஷ் இரண்டு பக்கமும் போகும். வருமான வரிச் சட்டத்தில் ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கும் இதே வினைதான். 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவில், உரிய காலத்தில் தகவலை 'ஃபர்னிஷ்' செய்யாத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். அங்கே கொடுக்க வேண்டியவர் அதிகாரி, கேட்பவர் நாம்.

படி 4: எங்கே வேண்டாம்? வாட்ஸ்அப்பில் நண்பரிடம் லொகேஷன் கேட்கும்போது 'செண்ட்' போதும். ஃபர்னிஷ் போட்டால் நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கும்.